வுல்வ்ஸின் குலதெய்வம்

இங்கிலாந்துக் கால்பந்தின் பெரிய பட்டியல்களில் ஸ்டீவ் புல்லின் பெயரைத் தேடினால் கிடைப்பது கடினம். அவர் லீக் பட்டம் வென்றதில்லை. எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியதில்லை. வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் என்ற ஒரே கிளப்பின் சட்டையை 13 ஆண்டுகள் போட்டவர், அந்தச் சட்டையோடு நாட்டின் முதல் டிவிஷனில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. அதே சட்டையில் 561 ஆட்டங்களில் 306 கோல் அடித்திருக்கிறார். அவருக்கு முன் கிளப்பின் சாதனையாளராக இருந்த ஜான் ரிச்சர்ட்ஸின் கணக்கு 194. வித்தியாசம் மட்டுமே 112 கோல். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் வாழ்நாள் முழுக்க அடித்துச் சேர்க்கக்கூடிய எண்ணிக்கை அது.

பெருங்கோயில் சாமிகளுக்கு நாடெங்கும் பக்தர்கள் உண்டு. குலதெய்வத்தின் கதை வேறு. அந்தக் குடும்பத்துக்கு வெளியே அதன் பெயர்கூடத் தெரியாது. குடும்பத்துக்குள் முதல் பொங்கல் அதற்குத்தான். வுல்வர்ஹாம்ப்டனில் புல்லுக்கு இருக்கும் இடம் அப்படிப்பட்டது. மான்செஸ்டரிலோ லண்டனிலோ நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ரசிகரிடம் அவர் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். வுல்வ்ஸ் ரசிகரிடம் சொன்னால், பேச்சை முடித்துக்கொண்டு நாம் கிளம்ப முடியாது.

இந்த இடம் அவருக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. நிறைய கோல் அடித்தார் என்பது ஒன்று. கிளப்பை விட்டுப் போகவில்லை, விசுவாசமாக இருந்தார் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை, இரண்டுமே போதாது. கோல்கள் எந்தப் பள்ளத்தில் கிடந்தபோது வந்தன என்பதையும், போகாமல் இருந்ததற்கு அந்தந்த ஆண்டில் என்ன விலை இருந்தது என்பதையும் பார்க்காவிட்டால் அவருடைய கதை வெறும் நெகிழ்ச்சிக் கதையாகிவிடும்.

பள்ளத்திலிருந்தே தொடங்கலாம்.

வுல்வ்ஸ் சாதாரணக் கிளப் இல்லை. 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று. மேனேஜர் ஸ்டான் கல்லிஸ், கேப்டன் பில்லி ரைட் காலத்தில் 1954, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம். 1954 டிசம்பரில், புஷ்காஷ் உள்ளிட்ட ஹங்கேரி நட்சத்திரங்கள் ஆடிய ஹோன்வெட் அணியை மோலினியூ மைதானத்தின் விளக்கொளியில் 3-2 என்று வென்றது. அதைப் பார்த்து ஆங்கிலப் பத்திரிகைகள் வுல்வ்ஸை உலக சாம்பியன் என்று கொண்டாட, எரிச்சலடைந்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் காப்ரியேல் ஹனோ, அப்படியானால் ஐரோப்பிய கிளப்புகளுக்கு முறையான போட்டி ஒன்று வேண்டும் என்று எழுதினார். இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தப் பெருமையோடு 1979இல் கிளப் இரண்டு காரியம் செய்தது. இரண்டும் பணம் சம்பந்தப்பட்டவை. ஆஸ்டன் வில்லாவிடமிருந்து ஆண்டி கிரே என்ற ஸ்ட்ரைக்கரை ஏறத்தாழ 14.7 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அது பிரிட்டனிலேயே அதிகபட்சத் தொகை. இன்னொன்று, 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் செலவழித்து ஜான் அயர்லாந்து ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் மாடத்தைக் கட்டியது. பழைய மாடத்துக்குப் பின்னால் இருந்த வீடுகளை வாங்கி இடித்து அங்கே எழுப்பினார்கள். மைதானத்தையே அதை நோக்கி நகர்த்தி, மற்ற பக்கங்களையும் புதிதாகக் கட்டிக்கொள்வதாகத் திட்டம். பணம் தீர்ந்துவிட்டது. புதிய மாடம் ஆடுகளத்திலிருந்து எட்டத் தள்ளி, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்த மாமனைப் போலத் தனியாக நின்றது.

வருமானம் எங்கிருந்து வரும்? வுல்வர்ஹாம்ப்டனும் அதைச் சுற்றியுள்ள ‘பிளாக் கன்ட்ரி’ என்ற வட்டாரமும் நிலக்கரி, இரும்பு, சங்கிலி, பூட்டு என்று தொழிற்புரட்சிக் காலத்திலிருந்தே கைவேலையில் வாழ்ந்த ஊர்கள். கிளப் கிரேயை வாங்கிய அதே 1979இல்தான் பக்கத்திலிருந்த பில்ஸ்டன் உருக்காலை மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வட்டாரத்தின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்தன. சனிக்கிழமை ஆட்டம் பார்க்கக் கையில் காசு வைத்திருந்தவர்கள் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்றார்கள்.

1982இல் கிளப் திவாலாகும் நிலைக்கு வந்து, முன்னாள் வீரர் டெரெக் டூகனை முன்னிறுத்தி வந்த ஒரு நிறுவனம் கடைசி நேரத்தில் வாங்கியது. பின்னால் இருந்தவர்கள் பட்டி சகோதரர்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் வணிகக் கட்டடம் எழுப்புவது அவர்கள் கணக்கு. அனுமதி கிடைக்கவில்லை, அதோடு கிளப்பின் மீதான அக்கறையும் போயிற்று. 1984, 1985, 1986 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று படி இறங்கி, முதல் டிவிஷனிலிருந்த அணி நான்காம் டிவிஷனில் வந்து விழுந்தது. 1985இல் பிராட்ஃபோர்டு மைதானத் தீ விபத்தில் 56 பேர் இறந்தபின் நாடெங்கும் மரத்தாலான பழைய மாடங்களைச் சோதித்தார்கள். மோலினியூவின் இரண்டு பக்கங்கள் மூடப்பட்டன. 1986இல் மறுபடி திவால். இந்த முறை நகரசபை மைதானத்தை வாங்கியது. பக்கத்து நிலத்தில் ஆஸ்டா பேரங்காடி கட்ட அனுமதி கொடுத்து, அதற்கு ஈடாகக் கடன் தீர்க்கப்பட்டது. ஐரோப்பியக் கோப்பையின் பிறப்புக்குக் காரணமான கிளப்பைக் கடைசியில் காப்பாற்றியது ஒரு சூப்பர் மார்க்கெட்.

அந்த நவம்பரில் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றில் வுல்வ்ஸுக்கு எதிரி, லீக்கிலேயே இல்லாத சோர்லி என்ற சிற்றூர் அணி. இரண்டு முறை சமன். மூன்றாவது ஆட்டத்தில் சோர்லி 3-0 என்று வென்றது. இதைவிடக் கீழே போக இடமில்லை என்று ஊர் நினைத்த வாரத்தில்தான் புல் வந்து சேர்ந்தார்.

1965 மார்ச் 28 அன்று டிப்டனில் பிறந்தவர். டிப்டன் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து சில மைல் தூரத்தில், கால்வாய்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர். தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே டிப்டன் டவுன் என்ற உள்ளூர் அணிக்கு ஆடியவரை வெஸ்ட் பிராமிச் ஆல்பியன் 1985இல் எடுத்துக்கொண்டது. ஆல்பியன் வுல்வ்ஸின் பரம எதிரி; இரண்டு ஊருக்குமான பகை நூறாண்டுப் பழசு. அங்கே மேனேஜராக இருந்த ரான் சாண்டர்ஸுக்கு இந்த இளைஞரின் பந்துக் கட்டுப்பாட்டில் நம்பிக்கையில்லை. முதல் தொடுதலிலேயே பந்து காலைவிட்டு ஓடிவிடுகிறது என்பது குறை. 1986 நவம்பரில், ஆண்டி தாம்ப்சன் என்ற இன்னொரு இளைஞரோடு சேர்த்து அவரை வுல்வ்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். புல்லின் விலை சுமார் 65,000 பவுண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆண்டி கிரேக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

வாங்கியவர் கிரகாம் டர்னர், மேனேஜராகப் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. புல் ஆடிய முதல் ஆட்டம் ரெக்ஸ்ஹாமிடம் 0-3 தோல்வி. சகுனம் பார்க்கிறவர்கள் அன்றே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்தப் பருவத்தின் இரண்டாம் பாதியில் அணி மெல்ல எழுந்தது. நான்காவது இடத்தில் முடித்தது. முந்தைய ஆண்டுவரை இருந்த விதிப்படி முதல் நான்கு அணிகளுக்கும் மேலே போக இடம் உண்டு. மேலே போகும் கடைசி இடத்துக்கு அணிகளை மோதவிடும் ப்ளே-ஆஃப் முறையை அந்த ஆண்டுதான் அறிமுகப்படுத்தினார்கள். ஆறாவது இடத்தில் முடித்த ஆல்டர்ஷாட்டிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, வுல்வ்ஸ் நான்காம் டிவிஷனிலேயே தங்கியது. அன்று மேலே போன ஆல்டர்ஷாட் 1992இல் கடன் தாங்காமல் பருவத்தின் நடுவிலேயே கலைக்கப்பட்டது. அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு முடிவு என்பது அப்படித்தான் வரும். வுல்வ்ஸுக்கும் வந்திருக்கக்கூடியதுதான்.

அந்தத் தோல்வி ஒருவகையில் புல்லின் புராணத்துக்கு உரம். அடுத்த 1987-88 பருவத்தை அவர் நான்காம் டிவிஷனிலேயே ஆட வேண்டியதாயிற்று. லீக்கில் 34 கோல், எஃப்.ஏ. கோப்பையில் 3, லீக் கோப்பையில் 3, கீழ் இரண்டு டிவிஷன்களுக்கான ஷெர்பா வேன் டிராஃபியில் 12. மொத்தம் 52. வுல்வ்ஸ் டிவிஷன் பட்டத்தை வென்றது. ஷெர்பா வேன் டிராஃபியையும் வென்றது. அந்த இறுதிப்போட்டி வெம்பிளியில், பர்ன்லிக்கு எதிராக. பர்ன்லியும் 1888இன் 12 கிளப்புகளில் ஒன்று. அதுவும் நான்காம் டிவிஷனில் கிடந்தது. இரண்டு வீழ்ந்த வீடுகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம் 80,841. நொடித்துப்போன தொழில் நகரங்கள் இரண்டும் அன்று லண்டனுக்கே பெயர்ந்து வந்துவிட்டன. புல் அன்று கோல் அடிக்கவில்லை. சக வீரர்கள் மட்ச்சும் டென்னிசனும் அடித்தார்கள், 2-0.

1988-89: மூன்றாம் டிவிஷன். லீக்கில் 37, மொத்தம் 50. மறுபடி டிவிஷன் பட்டம். இரண்டு பருவங்களில் 102 கோல்.

எப்படி அடித்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவரை மட்டம்தட்டியவர்களும் கொண்டாடியவர்களும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: இவர் கலைஞர் இல்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நாலுபேரைச் சுற்றிவருகிற வேலை அவரிடம் இல்லை. டர்னரின் அணி ஆடியது 4-4-2. இடப்பக்கம் வட அயர்லாந்துக்காரர் ராபி டென்னிசன் கிராஸ் போடுவார். முன்னால் இரண்டுபேர், ஆண்டி மட்ச்சும் புல்லும். பின்னாலிருந்து வரும் நீளப் பந்தை மட்ச் தலையால் தட்டிவிடுவார். அவர் தட்டுவதற்கு முன்பே புல் ஓடத் தொடங்கியிருப்பார். தடுப்பாட்டக்காரர் திரும்புவதற்குள் பந்து அவருக்கு முன்னால் இருக்கும். அங்கிருந்து அவர் யோசிப்பதில்லை. இடது காலா வலது காலா, கோணம் சரியா, இன்னும் நெருங்கலாமா என்ற கணக்கெல்லாம் இல்லாமல், கோல்கீப்பர் நிலைகொள்ளும் முன் அடித்துவிடுவார். இலக்கைவிட்டு வெளியே போனது எத்தனையோ. அடுத்த பந்துக்கும் அதே ஓட்டம்தான். முதல் தொடுதல் மோசம் என்று சாண்டர்ஸ் கண்ட குறையை வுல்வ்ஸ் ஆட்கள் மறுக்கவே இல்லை. முதல் தொடுதல் சரியில்லாவிட்டால் என்ன, இரண்டாவது தொடுதலில் பந்து வலைக்குள் போய்விடுகிறதே என்று சிரித்தார்கள்.

அன்றைய கீழ் டிவிஷன் மைதானங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பருக்குப் பிறகு பாதி ஆடுகளம் சேறு. அழகாகக் கட்டிய பந்து சேற்றில் நின்றுவிடும். அங்கே பலன் தருவது பலமும் வேகமும் தயக்கமின்மையும். எதிரணியின் முழங்கையும் முட்டியும் தினசரிச் செலவு. அவரது பின்னாளைய மூட்டு வலிக்கு முதலீடு இந்த ஆண்டுகளில்தான் போடப்பட்டது.

1989 மே 27, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க். ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜான் ஃபஷானுவுக்கு அடிபட்டதும் இங்கிலாந்து மேனேஜர் பாபி ராப்சன் புல்லை இறக்கினார். மூன்றாம் டிவிஷன் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்த வீரர். மேல் டிவிஷன்களில் வுல்வ்ஸுக்காக இன்னும் கால் வைக்காதவர். மூன்றாம் டிவிஷனிலிருந்து இங்கிலாந்துக்கு ஆடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவருக்கு முன் அப்படி வந்தவர் 1976இல் கிரிஸ்டல் பேலஸின் பீட்டர் டெய்லர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு நீளப் பந்து வந்தது. புல்லின் முதல் தொடுதல் என்று சொல்ல முடியாது, பந்து அவர் தோளில் பட்டுத் துள்ளியது. அது தரைக்கு வந்த மறுகணம் வலது காலால் அடித்த அடியில் கோல். ஆல்பியன் எதைக் குறையென்று சொல்லி விற்றதோ, அதை அப்படியே தேசிய அணியின் சட்டையில் செய்துகாட்டினார்.

அடுத்த ஏப்ரலில் வெம்பிளியில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக இரண்டு கோல். அன்று கதாநாயகன் பால் கேஸ்காயின். நீளமாக அவர் கொடுத்த பந்தை நெஞ்சில் வாங்கி ஒன்று, அவர் போட்ட கிராஸைத் தலையால் முட்டி இன்னொன்று. ஜூனில் துனிசியாவிடம் இங்கிலாந்து தோற்கவிருந்தபோது கடைசி நிமிடத்தில் தலையால் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். 1990 இத்தாலி உலகக் கோப்பைக்கு இரண்டாம் டிவிஷன் கிளப்பின் வீரராகவே போனார். அயர்லாந்துக்கும் நெதர்லாந்துக்கும் எதிராக மாற்று ஆட்டக்காரர், எகிப்துக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே, பெல்ஜியத்துக்கு எதிராக மறுபடி மாற்று. அரையிறுதியில் இறங்கவில்லை. ராப்சனுக்குப் பின் வந்த கிரகாம் டெய்லர் அந்த அக்டோபரோடு அவரைக் கைவிட்டார். 13 ஆட்டம், 4 கோல், வயது 25.

அதிலும் பல ஆட்டங்களில் அவர் இறங்கியது பாதியில்தான். அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு குறைவு என்பதே என் கருத்து. ஆனால் டெய்லரின் முடிவில் புரியாதது ஒன்றுமில்லை. இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டே இங்கிலாந்துக்கு ஆட முடியும் என்ற காலம் முடிந்துகொண்டிருந்தது. முதல் டிவிஷனுக்குப் போயிருந்தால் இன்னும் சில ஆண்டு தேசிய அணியில் இருந்திருக்கலாம்.

ஏன் போகவில்லை?

இங்கேதான் ‘விசுவாசம்’ என்ற சொல் வந்து வழியை மறிக்கிறது. நன்றி, ஊர்ப்பாசம், டிப்டன்காரரின் எளிமை என்று ஒரு படம் உருவாகியிருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு வீரர் கிளப்பில் தங்குவதும் போவதும் அந்தக் காலத்தின் சட்டத்தையும் சம்பளத்தையும் பொறுத்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் தீர்ப்பைச் சொல்லும்வரை, ஒப்பந்தம் முடிந்த வீரர்கூட இஷ்டப்படி வெளியேற முடியாது; புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தொகை கொடுத்தாக வேண்டும். இரண்டு கிளப்பும் ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கும். அதனால் 1989இல் புல்லை வாங்குவது என்றால் வுல்வ்ஸ் கேட்கும் பணத்தைக் கொடுப்பது. சந்தையில் கேட்பவர்கள் பலர் இருந்தும், தூக்கிக்கொண்டு போவது எளிதாக இல்லை.

சம்பள வித்தியாசமும் அப்போது பாதாளம் அளவுக்கு இல்லை. 1988இல் ஐடிவி தொலைக்காட்சி லீக் ஆட்டங்களுக்காக நான்கு ஆண்டுக்குக் கொடுத்தது 4.4 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி முதல் டிவிஷனுக்குப் போனாலும், மிச்சத்தைக் கீழே உள்ளவர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1992இல் முதல் டிவிஷன் கிளப்புகள் பிரிந்துபோய் பிரீமியர் லீக் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு 30.4 கோடி. கீழே பங்கு இல்லை. அதாவது 1989இல் வுல்வ்ஸிலேயே இருப்பதால் புல் இழந்தது புகழின் ஒரு பகுதியை. 1995இல் இருந்ததால் இழந்தது புகழையும் பணத்தையும். ஒரே முடிவு, ஆறு ஆண்டில் அதன் விலை பல மடங்கு ஏறிவிட்டது.

அதனால் அவர் விசுவாசத்துக்கு உண்மையான சோதனை 1989இல் வரவில்லை, 1995இல் வந்தது என்பேன். அந்த ஆண்டு பிரீமியர் லீக்கிலிருந்த கோவென்ட்ரி சிட்டி அவரைக் கேட்டது. வுல்வ்ஸின் மேனேஜர் அப்போது யார் என்றால், அவரை இங்கிலாந்து அணியிலிருந்து விட்டுவிட்ட அதே கிரகாம் டெய்லர். கிளப் விற்கத் தயாராக இருந்தது. வயது முப்பது, இனி இப்படி ஒரு அழைப்பு வராது என்பது யாருக்கும் தெரியும். புல் மறுத்துவிட்டார். ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டு ஆளாக நினைத்தது முன்பே தொடங்கியதுதான், ஆனால் அது திரும்பப் பெறமுடியாத பட்டாவாக ஆனது அன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் கிளப்பை வாங்கிய ஜாக் ஹேவர்டு வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்து பஹாமாஸில் சம்பாதித்தவர், கோடிகளைக் கொட்டினார். 1993க்குள் மோலினியூவின் மூன்று பக்கங்களும் புதிதாக எழுந்தன. எனவே கோவென்ட்ரியை மறுத்த 1995இல் புல் தியாகம் செய்து குடிசையில் கிடந்தார் என்பதில்லை. நாட்டிலேயே நல்ல மைதானங்களில் ஒன்று, பணமுள்ள முதலாளி, அடுத்த ஆண்டு மேலே போய்விடலாம் என்ற நம்பிக்கை எல்லாம் இருந்தன. 1995 ப்ளே-ஆஃப் அரையிறுதியில் போல்ட்டனை முதல் ஆட்டத்தில் 2-1 வென்றார்கள். புல் ஒரு கோல். மறு ஆட்டத்தில் 0-2. 1997இல் கிரிஸ்டல் பேலஸிடம் மொத்தக் கணக்கில் 3-4. ஒவ்வொரு முறையும் வாசல்படியில் கால் வைத்துத் திரும்பினார்கள். அவர் தங்கியதில் பாசத்தோடு ஒரு பந்தயமும் இருந்தது என்றே நினைக்கிறேன்: வுல்வ்ஸை விட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றில்லை, வுல்வ்ஸோடே போய்விடலாம். பந்தயத்தில் அவர் தோற்றார்.

கீழ் டிவிஷனில் எளிய எதிரிகளை வைத்து எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் நெடுங்காலமாக உண்டு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அது நிற்காது. வுல்வ்ஸுக்கு அவர் அடித்த லீக் கோல்கள் 250. அவற்றில் நான்காம், மூன்றாம் டிவிஷன்களில் வந்தவை 86. மீதி 164 கோலும் இரண்டாம் படிநிலையில், பத்து ஆண்டுகளில், பாதிக்குமேல் கெட்டுப்போன முட்டிகளோடு அடித்தவை. 1990 புத்தாண்டு நாளில் நியூகாசில் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் நாலு. பின்னால் வந்த பிரீமியர் லீக் தன் சாதனைப் பட்டியலை 1992இலிருந்து எண்ணத் தொடங்கியதும் இத்தகைய ஆட்களின் கணக்கு வெளிச்சத்திலிருந்து விலகிப்போயிற்று. தொலைக்காட்சி எதைக் காட்டுகிறதோ அதுவே வரலாறு என்றாகிவிட்ட பிறகு, இரண்டாம் டிவிஷனின் 164 கோலுக்கு ஊர் நினைவைத் தவிர வேறு பெட்டகம் இல்லை.

அந்த நினைவில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் பலர் 52 கோல் பருவத்தையும் சொல்லமாட்டார்கள், ஹாம்ப்டன் பார்க்கையும் சொல்லமாட்டார்கள். 1989 அக்டோபர், ஆல்பியனின் ஹாவ்தார்ன்ஸ் மைதானம். ஆட்டம் 1-1. கடைசி நிமிடத்தில் பெட்டிக்குள் பந்து புல்லிடம் வந்தது. முதுகை கோலுக்குக் காட்டி நின்றவர் திரும்பிய வேகத்திலேயே அடித்தார். ஐந்தாண்டுகளுக்கு மேலாக இரண்டு கிளப்பும் லீக்கில் மோதியதே இல்லை, ஏனென்றால் வுல்வ்ஸ் அவ்வளவு கீழே இருந்தது. வேண்டாம் என்று ஆல்பியன் விற்றவர் அவர்கள் வீட்டுக்கே வந்து, அவர்கள் முன்னாலேயே, கடைசி மூச்சில் அடித்த கோல். டிப்டன் வீதிகளில் இரண்டு கிளப் ரசிகர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக ஒரு பாதிப்பேருக்கு மனம் வந்திருக்காது.

ரசிகர்கள் அவரைப்பற்றிக் கட்டிய பாட்டில் அவரைப் பழைய இரும்பு பொறுக்குகிறவர் என்று அழைக்கிறார்கள். பிளாக் கன்ட்ரியில் அது வசவுமில்லை, முழுப் பாராட்டுமில்லை. நம்மில் ஒருவன் என்பதைக் கேலியாகச் சொல்வது. உருக்காலை போய், வெறும் உடைசல் மிஞ்சிய ஊரில் அதற்குத் தனி ருசி இருந்திருக்க வேண்டும். ஆண்டி கிரே மீது யாரும் அப்படி ஒரு பாட்டுக் கட்டியிருக்க முடியாது. பதினான்கு லட்சம் கொடுத்து வாங்கிய பொருளிடம் ரசிகர்களுக்கு எதிர்பார்ப்பு இருக்கும். எதிரி வீட்டில் தூக்கியெறிந்ததை எடுத்துவந்து பளபளக்க வைத்தால் வருகிற உரிமை அதில் வராது.

1999இல் முட்டிகள் ஒத்துழைக்காமல் ஓய்வு பெற்றார். எம்.பி.ஈ. விருது தந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2003 மே மாதம், கார்டிஃபில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 3-0 என்று வென்று வுல்வ்ஸ் பிரீமியர் லீக்கில் நுழைந்தது. 1984க்குப் பிறகு முதல் முறையாக மேல் டிவிஷன். அதே ஆண்டு ஜான் அயர்லாந்து ஸ்டாண்டுக்கு ஸ்டீவ் புல் ஸ்டாண்ட் என்று பெயர் மாற்றினார்கள். கிளப்பைக் கடனில் தள்ளிய கட்டடத்துக்கு, கடனுக்குப் பின் வந்த 65,000 பவுண்டு ஆளின் பெயர். பெயரை மாற்றியவர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, கணக்கு அழகாகத் தீர்ந்துவிட்டது. வுல்வ்ஸ் அடுத்த பருவத்தின் முடிவில் கடைசி இடத்தில் வந்து உடனே இறங்கிவிட்டது வேறு கதை.

இன்று இப்படி ஒரு வாழ்க்கை அமையுமா? ஜேமி வார்டியைப் பார்த்தால் விடை தெரியும். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிற்றணியிலிருந்து ஹாலிஃபாக்ஸ், அங்கிருந்து ஃபிளீட்வுட், 2012இல் பத்து லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர், 2016இல் பிரீமியர் லீக் பட்டம். தகுதியைக் கண்டுபிடிக்க இப்போது ஆட்களும் புள்ளிவிவரமும் இருக்கின்றன. ஒருவர் கீழே 30 கோல் அடித்தால் அடுத்த கோடைக்குள் மேலே போயிருப்பார். வீரருக்கு அது நல்லதுதான், அதில் மாற்றுக்கருத்தில்லை. ஒரே இடத்தில் மூன்று டிவிஷன்களின் வழியே ஒரு கிளப்பைத் தூக்கிக்கொண்டு ஏற மட்டும் அதில் நேரம் கிடைக்காது. வார்டிகூட லெஸ்டரிலேயே பதின்மூன்று ஆண்டு இருந்தார், ஆனால் மேலே வந்து சேர்ந்த பிறகு.

ஓய்வுக்குப் பின் புல் முழுதாக நிறுத்தவில்லை. 2000இல் ஹெர்ஃபோர்டு யுனைடெட் அவரைக் கூப்பிட்டது. லீக்கிலிருந்து விழுந்து ஐந்தாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த, கையில் காசில்லாத கிளப். டாக்டர்கள் வேண்டாம் என்ற முட்டிகளோடு அங்கே போய்ச் சில ஆட்டங்கள் ஆடினார். அங்கே மேனேஜர் கிரகாம் டர்னர்.